பொத்தானுக்கு ஒரு சட்டை

தையற்காரர் வீட்டுக் கோழிகளில் கத்தரிதான் முதலில் சாப்பிடும். அது தட்டுக்கு முன்னால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்வரை மற்ற நான்கும் சுவரோரம் மண்ணைக் கிளறிக்கொண்டு, தங்களுக்கு வேறு வேலை இருப்பதுபோல் பாவனை பண்ணும். கத்தரி விலகினால் பாபின். பிறகு ஊசி. ஊசிக்குப் பிறகு நாடா. தட்டில் தூசி மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் பொத்தான் வரும். அதுவும் நேராக வராது. வேறெங்கோ போகிற மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்து, ஒரு மணியைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

நான் எதிர்ச்சாரியில் சாவி போடுகிறவன். தையற்கடையின் முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தால் என் இடத்திலிருந்து அவர் வீட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும் பார்க்கலாம். தெருவில் எல்லாரும் நாள்தோறும் சாவியைத் தொலைப்பதில்லை. ஆகவே எனக்குப் பார்க்க நேரம் நிறைய உண்டு.

கோழிகளுக்குத் தையல் சாமான்களின் பெயராகப் பார்த்து வைத்தது அண்ணி, தையற்காரரின் மனைவி. தீவனக் கடையிலிருந்து ஐந்து குஞ்சுகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு, மழைத் தூறலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். குளிருக்கென்று தையற்காரர் தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தார். நல்ல சிவப்பு. தெருக்கோடியில் திரும்பும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருமுறை, "செவப்பு ஜோரா இருக்கு அண்ணி," என்று இங்கிருந்தே கத்தினேன். அவர் உதட்டில் விரலை வைத்து, கடைப்பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்டாட்டி புருஷனுக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் நேரத்தில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள்தான். நாலாம் நாள் ஆள் இல்லை.

அதற்குப் பிறகும் தையற்காரர் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார். தையல் மிஷினுக்கு இடது பக்கம் அண்ணி உட்காரும் முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்துதான் அவர் பொத்தான் கட்டுவார், ஓரம் பிரிப்பார், சுவரில் முளை அடித்த பலகையிலிருந்து நூல்கண்டு எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர் அதில் உட்காரப் போனால், "அது ஆடும், இங்க உக்காருங்க," என்று தையற்காரர் வேறு நாற்காலியைக் காட்டுவார். முக்காலி ஆடாது. எனக்குத் தெரியும், அதன் காலுக்கு ஆணி அடித்தவனே நான்தான்.

பேச்சு குறைந்துபோயிற்று. மத்தியானம் பின்கதவுப் படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். கோழிகள் காலைச் சுற்றும். அவற்றின்மேல் அவருக்குப் பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அண்ணி விட்டுப்போன வேலை, செய்தார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை, வீடு, குடும்பம் என்று இருக்கிறவள். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் எண்ணம். தங்கிய இரண்டு நாளும் அதே பேச்சு.

"தனியா இருந்து என்னப்பா பண்ணப்போறீங்க?"

"தைக்கப்போறேன்."

"யாருக்காக?"

"துணி குடுத்தவங்களுக்காக."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோபத்தைத் தணித்துக்கொள்ள ஏதாவது வேலை செய்தாக வேண்டுமே. அப்பா மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் கடையைக் கூட்டிப் பெருக்கி, நூல் பலகையை ஈரத்துணியால் துடைத்து, முப்பது கண்டுகளையும் பெரிதும் சின்னதுமாகப் பிரித்து வரிசைகட்டி அழகாக அடுக்கிவிட்டாள். எழுந்து வந்த தையற்காரர் பலகையைப் பார்த்து அப்படியே நின்றார். "நல்லா இருக்காப்பா?" என்றாள். "நல்லா இருக்கும்மா," என்றார். அந்த முகத்தை நானும் பார்த்தேன். மனைவி கைபட்ட இடம் கலைந்துவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாத்தியாரின் பழுப்பு பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்துக் கொடுத்தார். பச்சை நூலில்.

வாத்தியார் தேநீர்க் கடையில் காலைத் தூக்கிக் காட்டினார். அங்கே நாலைந்து பேர் இருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் தோட்டம் போட்டுக் குடுத்திருக்காரு வாத்தியாரே, தெனம் தண்ணி ஊத்துங்க," என்றேன். கடையே சிரித்தது. மறுநாள் முடிதிருத்துகிறவர் அதையே தன் பேச்சு மாதிரி சொன்னார். அதற்கு மறுநாள் ஒரு அம்மாள், ரவிக்கைத் துணியை வெட்டுவதற்கு முன்பே வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார். தையற்காரருக்குக் கண் போய்விட்டது என்றார்கள். புத்தியே கொஞ்சம் பிசகிவிட்டது என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டே வாரத்தில் கடையில் தொங்கிய துணிகளை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

செய்தி மகளுக்கும் போய்விட்டது. போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். துணிமணியை எடுத்து வைங்க. கடையைப் பூட்டுங்க. எனக்கு மானம் போகுது."

அவர் என்னிடம் வந்து, "பின்கதவுக்கு ஒரு பூட்டு வேணும், சாவி," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். சாவி. நான் பூட்டை எடுத்துக் கொடுத்தேன். போக மனமிருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது.

துணி வரத்து குறையத் தொடங்கிய நாட்களிலேயே கொல்லைப்புறத்திலும் சங்கதி முற்றியிருந்தது. கத்தரி ஒருநாள் பொத்தானின் முதுகில் ஓங்கி ஒரு கொத்து கொத்தியது. இறகு பிய்ந்து, கடுகளவு ரத்தம் வந்தது. அவ்வளவுதான், அதுவரைக்கும் தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த பாபினும் ஊசியும் ஓடிவந்து அதே இடத்தில் கொத்தின. நாடா, தானே நாலாவது இடத்தில் இருக்கிற நாடா, எல்லாரையும்விட வேகமாகக் கொத்தியது. தையற்காரர் பொத்தானைத் தூக்கிக்கொண்டு வந்து அட்டைப்பெட்டியில் வைத்து, வெட்டுகிற மேசைக்கு அடியில் தள்ளினார். மஞ்சள் பூசினார். தனித் தண்ணீர், தனித் தீவனம். பொத்தான் சாப்பிடவில்லை. பகலெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கொத்தி எடுத்த கூட்டத்தைத்தான் கூப்பிட்டது. மிஷின் ஓடாத கடையில் அந்தச் சத்தம் என் இடம் வரைக்கும் கேட்கும்.

பத்து நாளில் புண் ஆறிற்று. திரும்பக் கொண்டுபோய் விட்டார். நான்கும் தலையைத் தூக்கி, யாரோ புதிதாக வந்திருப்பதுபோல் பார்த்தன. பிறகு விழுந்தடித்துக்கொண்டு வந்து முன்னைவிட மோசமாகக் கொத்தின.

தீவனக் கடை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தட்டு ஒண்ணுதானா வெக்கறீங்க?"

"ஒண்ணு போதாதா?"

"அக்கா இருந்தப்ப ரெண்டு வெப்பாங்க. அந்த மூலைல ஒண்ணு, இந்த மூலைல ஒண்ணு. பெருசு ஒண்ணைக் காவல் காக்கறப்ப சின்னது இன்னொண்ணுல தின்னுக்கும்."

தையற்காரர் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தட்டு கடையில் இருந்தது. அதில் குண்டூசி போட்டு வைத்திருந்தார்.

"அடிபட்டதைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு ஐயா. கோழிக்கு நாலு நாள் கண்ணுல படலைன்னா மறந்துரும். பத்து நாள்னா அது வேற ஊருக் கோழி. அங்கேயே ஒரு வலைக்குப் பின்னால, எல்லாம் பாக்கற மாதிரி வெச்சிருக்கணும். இல்லன்னா கொத்தறதைப் புடிச்சு நாலு நாள் உள்ள போடணும். திரும்பி வந்தா அதோட கொம்பு ஒடைஞ்சிருக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"முதுகை மூடுங்க. ரணம் தெரியக் கூடாது. நீங்கதான் தையற்காரராச்சே, ஒரு சட்டை தைங்க." சொல்லிவிட்டு அந்த அம்மாவே சிரித்தார். தையற்காரர் சிரிக்கவில்லை. அளவெடுக்கிற நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார்.

பொத்தானை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. அவர் கல்யாணக் கோட்டுக்கு எடுக்கிறமாதிரி அளவெடுத்தார். முதுகு நீளம், இறக்கை இடுக்கு, கழுத்துச் சுற்று. காகிதத்தில் வரைந்து வெட்டி, முதுகில் வைத்துப் பார்த்து, ஒரு நூலிழை குறைத்து மறுபடி வெட்டினார். "எலாஸ்டிக் உறுத்தும். உள்ள மெத்துன்னு ஒரு துணி குடுக்கணும்," என்று தானாகச் சொல்லிக்கொண்டார். அண்ணி போன பிறகு அவர் இத்தனை உற்சாகமாக ஒரு வேலையில் இறங்கி நான் பார்க்கவில்லை. அந்தச் சமயம் ஒருத்தர் பெட்டிப் பூட்டோடு வந்து என் கடைமுன் நின்றதால் நான் எழுந்து போனேன். எதிரே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அன்று வெள்ளிக்கிழமை. மகள் வர ஒருநாள்தான் இடையில் இருந்தது.

பெட்டிப் பூட்டைத் திறந்து கொடுத்து அனுப்புவதற்குள் கொல்லையில் ஒரே அமளி. ஓடினேன். பொத்தான் சுவர் மூலையில் சுருண்டு கிடக்கிறது. நான்கும் அதன்மேல் ஏறி நிற்கின்றன. சட்டை அளவெடுத்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறது, ஓரமெல்லாம் மடித்து அடித்து. ஆனால் பளீரென்று சிவப்பு! தையற்காரர் கையை வீசிக்கொண்டு, எதை விரட்டுவது என்று தெரியாமல் சுற்றிவருகிறார். நான் பொத்தானை வாரி எடுத்துச் சட்டையைப் பிய்த்தேன்.

"அண்ணே, போயும் போயும் செவப்புத் துணியா கெடச்சுது? ரத்தம்னு நெனச்சு எல்லாம் பாயுது!"

"செவப்பா?"

"பின்ன?"

"இது மண்ணு நெறம். அது இறகு மாதிரியே இருக்கட்டும்னுதான்…"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு நூல்கண்டை எடுத்துவந்து நீட்டினார்.

"இதுல எது பச்சை, எது பழுப்பு?"

"இது பச்சை. இது பழுப்பு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். செவப்பும் அந்தக் கூட்டத்துலதான் சேரும்."

முப்பத்தொரு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

"கல்யாணமாகி மூணாம் நாளே அவ கண்டுபுடிச்சுட்டா. மறுநாள் முக்காலியைத் தூக்கிட்டு வந்து மிஷின் பக்கத்துல போட்டு உக்காந்தா. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அவ போன பெறகு, பலகைல அவ வெச்ச வரிசையை மனப்பாடம் பண்ணி ஓட்டிக்கிட்டிருந்தேன். மேல் வரிசைல மூணாவது பழுப்பு, கீழ அஞ்சாவது பச்சை. யார் வந்தாலும் தொடவிடல."

"பாப்பா அடுக்கி வெச்சுருச்சு," என்றேன்.

"அவகிட்ட என்னன்னு சொல்ல? ஆசையா செஞ்சா."

கையிலிருந்த பொத்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, அந்தத் தோட்டம் பேச்சு… மொதல்ல பேசினது நான்தான்."

"தெரியும். உன் குரல் இங்க வரைக்கும் கேக்கும்."

இரண்டு கண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே கத்தரியைப் பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டோம். குண்டூசித் தட்டைக் கழுவி இன்னொரு மூலையில் வைத்தோம். பொத்தானுக்கு அவர் வேறு சட்டை தைத்தார். துணியை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே காட்டி, "இது?" என்றார். "கறுப்பு, அண்ணே." "நெசமா?" "நெசமா."

ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். நான் கடை திறக்கிற நாள் இல்லை. ஆனாலும் திறந்து, ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"சித்தப்பா, இங்க வாங்க. அப்பா சொல்றது நெசமா?"

"நெசம்தாம்மா."

அவள் நூல் பலகையைப் பார்த்தாள். தான் அழகுபடுத்திய வரிசை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தையற்காரர் அவள் தலையில் கைவைத்து, "உனக்கெப்படிம்மா தெரியும்," என்றார். அழுகை ஓய்ந்ததும் அவள் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. இதோட எதுக்கு மல்லுக்கட்டணும்? கெளம்புங்க. அங்க உங்களுக்குத் தனி ரூம் இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"பத்து நாள் பொத்தானுக்கும் தனி ரூம்தாம்மா குடுத்தேன்."

"யாரு பொத்தான்?"

அவர் அவளைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புச் சட்டை போட்ட பொத்தான், மூலைத் தட்டில் தனியாக நின்று தின்றுகொண்டிருந்தது. நாடா வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுப் போனது. பொத்தான் நாலடி ஓடி, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தின்றது. இருவரும் வெகுநேரம் நின்று பார்த்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. சாயங்கால வண்டிக்கு மகள் பைகளைக் காலியாகவே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் கடைமுன் நின்று, "ஒரு மாசம் பாப்பேன் சித்தப்பா. சரிப்படலைன்னா நீங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்," என்றாள். ஏதோ நான் தடுத்துவிட்ட மாதிரி.

செவ்வாய்க்கிழமை கத்தரியைத் திறந்துவிட்டோம். அது பழைய மிடுக்கோடு நேரே தட்டுக்குப் போயிற்று. பாபின் அதன் மண்டையில் ஒன்று வைத்தது. கத்தரி திகைத்து நின்றது. பிறகு மெதுவாக மூலைத் தட்டுக்குப் போய்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தது. பொத்தான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

அன்று நான் ஒரு பொட்டலத்தோடு போனேன். சாவிக்கொத்தில் கோக்கிற பித்தளை வில்லைகள் முப்பது. ஒவ்வொன்றிலும் உளி வைத்து எண் அடித்திருந்தேன். பார்க்கவும் செய்யலாம், விரலால் தடவியும் தெரிந்துகொள்ளலாம். ஒன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் பலகையிலிருந்து கண்டுகளைக் கழற்றி மேசைமேல் குவித்தார்.

"உக்காரு," என்றார்.

நாற்காலியை இழுக்கப் போனேன்.

"அதுல உக்காரு. அது ஆடாது."

முக்காலியில் உட்கார்ந்தேன். அண்ணி இடம் என்பதால் பாதிதான் உட்கார்ந்தேன். நான் ஒவ்வொரு கண்டாக எடுத்து நிறத்தைச் சொன்னேன். அவர் வில்லையைக் கட்டி முளையில் மாட்டினார். மூன்று சாம்பல். நாலு நீலம். அஞ்சு பச்சை. ஆறு பழுப்பு.

"ஏழு, செவப்பு."

கண்டை வாங்கியவர் மாட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பொத்தானிடமிருந்து நான் பிய்த்தெடுத்த சட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரி போட்டிருந்தது.

"இதுவும் ஏழா?"

"ஏழுதான்."

"இது அவ கம்பளிக் கோட்டுல மிஞ்சின துணி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல செவப்புல ஒண்ணு தச்சுக் குடுங்கன்னு கேட்டா. இந்த வயசுல செவப்பு என்னத்துக்கு, நாலு பேரு சிரிப்பாங்கன்னு சொன்னேன். செவப்பு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது, பாத்துக்க. மறுவாரம் அவளே போய்த் துணி எடுத்துட்டு வந்தா. என்ன நெறம்னு கேட்டேன். மண்ணு நெறம்னா."

எனக்கு அப்போதுதான் அந்த உதட்டில் வைத்த விரல் விளங்கியது.

"அதைத்தான் ரெண்டு மழைக்காலமும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாளா?"

"ஆமாண்ணே."

"எல்லாரும் பாத்தீங்க."

"பாத்தோம்."

"சிரிச்சாங்களா?"

"யாரும் சிரிக்கல. அண்ணிதான் சிரிச்சுக்கிட்டு வருவாங்க. ஒருதடவை நான் செவப்புன்னு கத்திட்டேன். சத்தம் போடாதேன்னு விரலைக் காட்டிட்டு உள்ள போனாங்க."

அவர் சட்டையைப் பெருவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். வெளியே தூறல் பிடித்தது. பின்கதவருகில் கோழிகள் நனையாத இடம் தேடி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து நின்றன.

"நல்லா இருந்துச்சா அவளுக்கு?"

"தெருக்கோடியிலேயே தெரியும் அண்ணே. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரி, அடுத்ததைச் சொல்லு," என்றார்.

"எட்டு, மஞ்சள்," என்று எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. ஏழாவது கண்டை இன்னும் அவர் கையிலேயே வைத்திருந்தார்.